கோப்பு டெஸ்டுகள் என்எஃப்எஸ்ஸில் தோற்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லோக்கல் டிஸ்க்கில் எல்லாமே பச்சையாக ஓடும் ஒரு டெஸ்ட் தொகுப்பை எடுத்து, அதன் வேலை அடைவை மட்டும் என்எஃப்எஸ் (சர்வரில் இருக்கும் கோப்புகளை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் முறை) மவுண்டுக்கு மாற்றிப் பாருங்கள். வரிசையாகச் சிவப்பு விழும். உடனே கை போகும் இடம் ஒன்றுதான்: 'நெட்வொர்க் கோப்புமுறைமை என்றால் தவிர்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படி மொத்தமாகத் தவிர்த்த ஒரு டெஸ்டுக்குள், கோப்பைச் சுருக்கி மறுபடி நீட்டும்போது பழைய தரவு எட்டிப் பார்க்கும் உண்மையான பிழை ஒன்று மாதக்கணக்கில் ஒளிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த டெஸ்ட் முதலில் தோற்றது வேறு காரணத்துக்காக. யாரோ ஓனர் மாற்றும் வரி ஒன்றை அதே டெஸ்டில் வைத்திருந்தார்கள். அந்த வரிக்காக முழு டெஸ்டும் போயிற்று.

தோற்கும் ஒவ்வொரு டெஸ்டும் மூன்றில் ஒன்று. அமைப்பு தவறாக இருக்கலாம். யாருமே தராத வாக்கை டெஸ்ட் கேட்கலாம். அல்லது உண்மையிலேயே பிழை இருக்கலாம். முதல் இரண்டையும் சரிசெய்யும்போது மூன்றாவதை மறைத்துவிடக் கூடாது. கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான்.

எதையும் தொடுவதற்கு முன்

சர்வரில் பகிரப்படும் அதே அடைவின் மேல், சர்வரிலேயே நேரடியாக டெஸ்டுகளை ஒருமுறை ஓட்டுங்கள். அங்கேயும் தோற்றால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

அப்புறம் கிளையன்டில் 'என்எஃப்எஸ்ஸ்டாட்' கட்டளையை 'எம்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். நீங்கள் மவுண்ட் கட்டளையில் எழுதியது வேறு, சர்வரோடு பேசி முடிவானது வேறு என்று பலமுறை தெரியவரும். முக்கியமாகப் பதிப்பு எண். பதிப்பு 3 என்பது 1995-இல் வெளியான ஆர்எஃப்சி 1813 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்). அதில் கோப்பைத் 'திறப்பது' என்ற செயலே சர்வருக்குத் தெரியாது. பதிப்பு 4-இல் தெரியும். 4.2-இல் இன்னும் பல வசதிகள் உண்டு. எந்தப் பதிப்பில் தோற்றது என்று எழுதாத புகாரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்புமுறைமை டெஸ்ட் தொகுப்பை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்ட் அடைவுக்கும் ஸ்கிராட்ச் அடைவுக்கும் இரண்டு தனி மவுண்டுகள் இருக்கும். இரண்டிலும் ஒரே விருப்பங்கள்தானா என்று பாருங்கள். லோக்கல் கோப்புமுறைமையில் ஸ்கிராட்ச் ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபார்மட் ஆகும். என்எஃப்எஸ்ஸில் அது முடியாது என்பதால் உள்ளே இருக்கும் கோப்புகளை அழிப்பதோடு நின்றுவிடும். முந்தைய டெஸ்ட் விட்டுப்போன மிச்சம் அடுத்ததைக் கெடுப்பது இங்கே சாதாரணம்.

அறிகுறி: எதைத் தொட்டாலும் 'பர்மிஷன் டினைட்', அல்லது உரிமையாளர் 'நோபடி'

இது பெரும்பாலும் அமைப்புப் பிரச்சினை. என்எஃப்எஸ் சர்வர் கிளையன்டின் ரூட் பயனரை நம்பாது. இயல்பாகவே 'ரூட் ஸ்குவாஷ்' போட்டு, அவரை 65534 என்ற அநாமதேய எண்ணாக மாற்றிவிடும். ரூட்டாக இருப்பதாக நினைத்து ஓனரை மாற்றும் டெஸ்ட் அங்கே தோற்கத்தான் செய்யும். டெஸ்டுக்கென்றே இருக்கும் சர்வரில், அந்த ஒரு பகிர்வுக்கு மட்டும், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'நோ ரூட் ஸ்குவாஷ்' கொடுங்கள். பிறர் தரவு இருக்கும் சர்வரில் வேண்டாம்.

பதிப்பு 4-இல் எல்லாக் கோப்பும் நோபடி என்று காட்டினால், பெயர்-எண் பொருத்தம் உடைந்திருக்கிறது. இரண்டு இயந்திரங்களிலும், பயனர் பெயரையும் எண்ணையும் பொருத்தும் ஐடிமேப் அமைப்பில் டொமைன் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

டெஸ்டின் பக்கம் செய்ய வேண்டியது வேறு. ஓனர் மாற்றும் வசதி தேவைப்படும் டெஸ்டின் தொடக்கத்தில் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, ஓனரை மாற்றி, மாறியதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் காரணத்தை அச்சிட்டு 'ஓடவில்லை' என்று சொல்லி வெளியேறட்டும். கோப்புமுறைமையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், செய்துபார்த்து முடிவெடுங்கள். பெயர் ஒன்றாக இருக்கும், நடத்தை வேறாக இருக்கும்.

அறிகுறி: டெஸ்ட் பாஸ், ஆனால் சுத்தம் செய்யும்போது 'டைரக்டரி நாட் எம்ப்டி'

எல்லாருக்கும் முதலில் வருவது இதுதான், சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். அடைவுக்குள் எட்டிப் பார்த்தால், புள்ளியில் தொடங்கி 'என்எஃப்எஸ்' என்று வந்து, பின்னால் நீளமான எண்ணெழுத்துகளோடு ஒரு கோப்பு கிடக்கும். நீங்கள் உருவாக்கியதே அல்ல. அதை அழிக்கப் போனால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வரும்.

யூனிக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அழிக்கலாம். பெயர் போகும், தரவு கடைசி மூடல்வரை உயிரோடு இருக்கும். பதிப்பு 3 சர்வருக்குக் கோப்பு திறந்திருப்பதே தெரியாதே, எப்படித் தரவைக் காப்பாற்றும்? அதனால் கிளையன்ட் கர்னல் ஒரு வேலை செய்கிறது: அழிக்கச் சொன்னதும் அழிக்காமல், இப்படியொரு மறைபெயருக்கு மாற்றி வைக்கிறது. கடைசியாகத் திறந்திருப்பவர் மூடியதும் உண்மையாக அழிக்கிறது. 'சில்லி ரீநேம்' என்று இதற்குப் பெயர். திறந்திருக்கும் ஒரு கோப்பின் மேல் இன்னொன்றைப் பெயர்மாற்றிப் போட்டாலும் இதே நடக்கும். இடையில் கிளையன்ட் இயந்திரம் செத்துப்போனால், அந்தக் கோப்பு சர்வரில் அநாதையாகத் தங்கிவிடும்.

ஆக, முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அந்தக் கோப்பை இன்னும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அநேகமாக, டெஸ்ட் பிரித்துவிட்ட ஒரு பிள்ளைப் பிராசஸ். பெற்றோர் மூடிவிட்டது, பிள்ளை மூடவில்லை. கோப்பை மெமரியில் மேப் செய்திருந்தால், டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) மூடினாலும் பிடி விடாது; மேப்பையும் அவிழ்க்க வேண்டும். லோக்கல் டிஸ்க்கில் இந்தக் கவனக்குறைவு கண்ணுக்கே தெரியாது, என்எஃப்எஸ் அதை வெளியே கொண்டுவருகிறது. டெஸ்டைத் திருத்துங்கள்: முதலில் பிள்ளைகள் முடியும்வரை காத்திருப்பது, பிறகு மூடுவது, பிறகு அழிப்பது.

திறந்த கோப்பை அழிப்பதையே சோதிக்கும் டெஸ்ட் என்றால்? அதைத் தவிர்க்காதீர்கள், பிரியுங்கள். பழைய பெயரில் தேடினால் கிடைக்கக் கூடாது. திறந்த டிஸ்கிரிப்டர் வழியாகப் படித்தால் முழுத் தரவும் வர வேண்டும். இந்த இரண்டு வாக்குகளும் என்எஃப்எஸ்ஸிலும் அப்படியே செல்லும், அவற்றைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். இணைப்பு எண்ணிக்கை (கோப்புக்கு எத்தனை பெயர்கள் என்ற கணக்கு) 0 ஆக வேண்டும், அடைவு காலியாக வேண்டும் என்ற இரண்டும் சில்லி ரீநேம் நடக்கும் இடத்தில் செல்லாது. எண்ணிக்கை 1 என்றே இருக்கும். இவற்றை மட்டும் தனி நிபந்தனைக்குள் வையுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று: 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்'. இந்த மறைபெயர் ஏற்பாடு ஒரே கிளையன்டுக்குள் மட்டும்தான். வேறொரு கிளையன்டோ சர்வரோ கோப்பை அழித்தால் உங்கள் கர்னலுக்குத் தெரியாது. அடுத்து படிக்கும்போது லினக்ஸில் 116 என்ற பிழை எண் வரும். டெஸ்டின் சுத்தம் செய்யும் பகுதி சர்வர் பக்கத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக அழிக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஸ்டாட் (கோப்பின் விவரம் கேட்கும் அழைப்பு) பழைய அளவைச் சொல்கிறது, இருக்கும் கோப்பு 'இல்லை' என்கிறது

ஒரு கிளையன்டில் எழுதி, இன்னொன்றில் சரிபார்க்கும் டெஸ்டுகளில் இது வரும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் 'ஸ்லீப்' போடுகிறார்கள். முதலில் 1 விநாடி, பிறகு 5, பிறகு 35. டெஸ்ட் பாஸாகும், எதையும் நிரூபிக்காது.

லினக்ஸ் கிளையன்ட் கோப்பின் விவரங்களைக் கேஷில் வைத்திருக்கும்: சாதாரணக் கோப்புக்குக் குறைந்தது 3 விநாடி, அதிகபட்சம் 60, அடைவுக்குக் குறைந்தது 30, அதிகபட்சம் 60. அதற்குள் வெறும் ஸ்டாட் கேட்டால் சர்வரைக் கேட்காமலே பதில் வரலாம். 'அந்தப் பெயரில் கோப்பு இல்லை' என்ற பதிலையும் கேஷ் செய்யும். ஒருமுறை இல்லை என்று தெரிந்த பெயரில் பக்கத்து இயந்திரம் கோப்பை உருவாக்கினால், இங்கே கொஞ்ச நேரம் இல்லை என்றேதான் வரும்.

இது பிழை அல்ல. என்எஃப்எஸ் தரும் வாக்கு வேறு: ஒருவர் எழுதி மூடிய பிறகு, மற்றொருவர் திறந்தால், புதியதைப் பார்ப்பார். மூடும்போது கிளையன்ட் மிச்சத் தரவை அனுப்பிவிடுகிறது. திறக்கும்போது விவரங்களைச் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கிறது. உங்கள் டெஸ்ட் இந்த வாக்கைத்தான் சோதிக்க வேண்டும். எழுதுபவர் எழுதி, மூடி, அதற்குப் பிறகு சைகை கொடுக்கட்டும். சைகையைக் கோப்பு வழியாகக் கொடுக்காமல் சாக்கெட் வழியாகக் கொடுங்கள். கோப்பு வழியாகக் கொடுத்தால் சைகையே கேஷில் மாட்டிக்கொள்ளும். சைகை வந்ததும் படிப்பவர் கோப்பைத் திறந்து, அந்த டிஸ்கிரிப்டரின் மேல் ஸ்டாட் கேட்கட்டும். ஸ்லீப் தேவையே இல்லை. இப்படி எழுதியும் பழைய அளவு வந்தால், அது விசாரிக்க வேண்டிய உண்மையான பிழை.

கேஷ்தான் காரணமா என்று உறுதிசெய்ய, விவரக் கேஷை நிறுத்தும் 'நோஏசி' விருப்பத்தோடு மவுண்ட் செய்து ஒருமுறை ஓட்டலாம். 'இல்லை' என்ற பதில் மட்டும் தொல்லை என்றால் 'லுக்அப்கேஷ்' விருப்பத்துக்கு 'பாசிட்டிவ்' கொடுங்கள். இரண்டும் நோய் கண்டறிய மட்டுமே. நோஏசி போட்டே நிரந்தரமாக ஓட்டினால், யாரும் பயன்படுத்தாத ஓர் அமைப்பைத்தான் நீங்கள் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: கோப்பு, உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்டதாக நேரம் காட்டுகிறது

டெஸ்ட் கிளையன்டின் கடிகாரத்தைப் பார்க்கிறது, கோப்பின் நேரத்தைச் சர்வரின் கடிகாரம் போடுகிறது. இரண்டும் ஒரு துளி விலகினாலே போதும். கடிகாரங்களை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) கொண்டு ஒழுங்குபடுத்துங்கள், ஆனால் அதை நம்பி டெஸ்ட் எழுதாதீர்கள். லோக்கல் டிஸ்க்கிலேயே கர்னலின் நேர முத்திரை, கடிகார அழைப்பு தரும் நேரத்தைவிடச் சில மில்லிவிநாடி பின்தங்கலாம்.

சரியான வழி: அதே மவுண்டில் ஒரு குறிப்புக் கோப்பை உருவாக்கி, அதன் நேரத்தோடு ஒப்பிடுவது. ஒரே கடிகாரம், சண்டை இல்லை. நேரத்தை மாற்றும் டெஸ்டுகளில் ஒரு வித்தியாசம் உண்டு: 'இப்போது' என்று கேட்டால் சர்வர் நேரம் விழும், வெளிப்படையாக ஒரு நேரம் கொடுத்தால் அதுவே விழும். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

எஸ்எம்பி (விண்டோஸ் உலகின் கோப்புப் பகிர்வு நெறிமுறை) மவுண்டில் நேரத்தின் நுண்மை 100 நானோவிநாடி. 1 நானோவிநாடி வரை ஒப்பிடும் டெஸ்ட் கடைசி இலக்கங்களில் தோற்கும். படித்த நேரத்தைப் பொறுத்தவரை, என்எஃப்எஸ் கிளையன்ட் கேஷிலிருந்து படித்தால் சர்வருக்குத் தெரியாது, அதனால் அந்த நேரம் நகராது. 'ஏடைம்', 'நோஏடைம்' விருப்பங்களுக்கும் என்எஃப்எஸ் மவுண்டில் பலன் இல்லை. அந்த டெஸ்டுகளை இங்கே தயங்காமல் விலக்கலாம்.

அறிகுறி: லாக் டெஸ்டுகள் விசித்திரமாக நடக்கின்றன

ஒரே பிரிவில் மூன்று வேறு நோய்கள்.

முதலாவது, எஃப்லாக் (முழுக் கோப்பையும் பூட்டும் அழைப்பு) கேட்டால் 'பேட் ஃபைல் டிஸ்கிரிப்டர்'. லினக்ஸ் 2.6.12 முதல் என்எஃப்எஸ்ஸில் எஃப்லாக், கோப்பு முழுவதற்குமான பைட் எல்லை லாக்காக மாற்றி அனுப்பப்படுகிறது. அந்த வகையில் பிரத்யேக லாக் வேண்டுமென்றால் கோப்பை எழுதத் திறந்திருக்க வேண்டும். டெஸ்ட் படிக்க மட்டும் திறந்திருக்கும், அதை மாற்றுங்கள். இதன் இன்னொரு விளைவு: லோக்கலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத எஃப்லாக்கும் எஃப்சிஎன்டிஎல் லாக்கும் (பைட் எல்லை லாக் கேட்கும் அழைப்பு) இங்கே மோதும். ஒரே கோப்பில் இரண்டையும் போட்டு 'மோதாது' என்று எதிர்பார்க்கும் டெஸ்டுக்கு இங்கே இடமில்லை. எஸ்எம்பியில் லினக்ஸ் 5.5 முதல் இதே கதை. கூடவே அங்கே லாக் கட்டாயமானது, லாக் ஆன கோப்பை வேறு டிஸ்கிரிப்டர் வழியாகப் படித்தாலே மறுக்கப்படும்.

இரண்டாவது, இரண்டு கிளையன்டுகளும் ஒரே நேரத்தில் பிரத்யேக லாக் வாங்கிவிடுகின்றன. பயப்படுவதற்கு முன் மவுண்ட் விருப்பங்களைப் பாருங்கள். பதிப்பு 3-இல் 'நோலாக்' இருந்தாலோ, 'லோக்கல் லாக்' விருப்பம் 'ஆல்' என்று இருந்தாலோ லாக் அந்த இயந்திரத்தைத் தாண்டாது. லாக்குக்குத் துணையான ஸ்டேட்டி சேவை எழவில்லை என்று யாரோ நோலாக் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இப்படிப்பட்ட மவுண்டில் ஒரே இயந்திரத்து லாக் டெஸ்டுகள் எல்லாம் பாஸாகும், அதுதான் ஆபத்து.

மூன்றாவது, சர்வரை மறுதொடக்கம் செய்தபின் முதல் டெஸ்ட் ஒன்றரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு ஒழுங்காக ஓடுகிறது. லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரின் சலுகைக் காலம் இயல்பாக 90 விநாடி. பழைய கிளையன்டுகள் தங்கள் லாக்குகளை மீட்டுக்கொள்ள அவகாசம். புதியவர்கள் காத்திருக்க வேண்டும். டெஸ்டின் நேர வரம்பு 60 விநாடி என்றால் அது ஒவ்வொரு முறையும் தோற்கும். டெஸ்ட் சர்வரின் என்எஃப்எஸ் கான்ஃபிக் கோப்பில் சலுகைக் காலத்தையும் குத்தகைக் காலத்தையும் குறைத்துவிட்டுச் சேவையைத் தொடங்குங்கள்.

அறிகுறி: டிஸ்க் நிறைந்தும் எழுத்து வெற்றி என்கிறது

எழுதிய தரவு முதலில் கிளையன்டின் நினைவகத்தில் தங்குகிறது. இடமில்லை என்ற பதில் பின்னால்தான் வரும்: எஃப்சிங்க்கில் (தரவை உடனே சேமிக்கக் கட்டாயப்படுத்தும் அழைப்பு), அல்லது மூடும்போது. மூடும் அழைப்பின் விடையைப் பார்க்காத டெஸ்ட் இந்தப் பிழையைக் கைநழுவ விடுகிறது. நிரலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்பதால், டெஸ்டைத் திருத்தும்போது நிரலையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உண்மையான தரவு இழப்புகள் இங்கேதான் நடக்கின்றன. எதிர்பார்ப்பை 'எழுதும்போது பிழை' என்பதிலிருந்து 'எழுத்து, எஃப்சிங்க், மூடல் மூன்றில் ஒன்றாவது பிழை சொல்ல வேண்டும்' என்று மாற்றுங்கள். மூன்றுமே வெற்றி என்று சொன்னால் டெஸ்ட் தோற்றே ஆக வேண்டும்.

பல கிளையன்டுகள் ஒரே கோப்பின் இறுதியில் சேர்த்து எழுதும்போது வரிகள் காணாமல் போனால், அது தெரிந்த குறை. இறுதியில் சேர் என்ற செயல் என்எஃப்எஸ்ஸில் இல்லை. கிளையன்ட் கோப்பின் முடிவைக் கணக்கிட்டு அங்கே எழுதுகிறது. அந்த இடைவெளியில் இன்னொருவர் எழுதினால் ஒன்றின் மேல் ஒன்று விழும். லாக் எடுத்துக்கொண்டு எழுதும்படி டெஸ்டை மாற்றுங்கள்.

அறிகுறி: 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்'

இது நேர்மையான பதில், சீக்கிரம் கடந்துவிடலாம். முன்கூட்டியே இடம் ஒதுக்குவதும் துளை போடுவதும் 2016-இன் ஆர்எஃப்சி 7862 சொல்லும் பதிப்பு 4.2-இல்தான் வந்தன. கோப்பின் நடுவில் ஒரு பகுதியை உருவியெடுத்துச் சுருக்கும் வகை அதிலும் இல்லை. கூடுதல் பண்புகள் (கோப்போடு பெயரும் மதிப்புமாக ஒட்டி வைக்கும் தகவல்கள்) லினக்ஸில் 5.9 கர்னல் முதல், 4.2 மவுண்டில், பயனர் வகைக்கு மட்டும். போசிக்ஸ் ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற விரிவான பட்டியல்) பதிப்பு 3-இல் துணை நெறிமுறை வழியாகக் கிடைக்கும், பதிப்பு 4-இல் வேறு மாதிரி ஏசிஎல் இருப்பதால் கிடைக்காது. பதிப்பை உயர்த்தினால் டெஸ்டுகள் கூடத்தான் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: டெஸ்ட் தொங்கிவிட்டது, கொல்லவும் முடியவில்லை

கர்னல் பதிவில் 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று இருக்கும். இயல்பான 'ஹார்டு' மவுண்ட் சர்வர் திரும்பும்வரை முயன்றுகொண்டே இருக்கும். சாதாரண சிக்னலுக்கு அசையாது. 'சிக்கில்' என்ற கட்டாயமாகக் கொல்லும் சிக்னல் மட்டும் வேலை செய்யும். டெஸ்ட் ஓட்டி இதை அறிந்து, நேரம் தாண்டினால் நேராகச் சிக்கில் அனுப்ப வேண்டும்.

'சாஃப்ட்' மவுண்டுக்கு மாற்றச் சொல்லி யோசனை வரும். மாற்றினால் தொங்குவது நிற்கும். பதிலுக்கு, நெட்வொர்க் மவுண்டின் காலக்கெடுவைத் தாண்டித் தடுமாறினால் எழுத்து பிழையோடு முடிந்து தரவு அரைகுறையாகலாம். அப்புறம் எந்தத் தோல்வி உங்கள் நிரலுடையது, எது மவுண்டுடையது என்று பிரிக்கவே முடியாது. ஹார்டு மவுண்டையே வைத்துக்கொண்டு நேர வரம்பை வெளியே வையுங்கள். சர்வரும் கிளையன்டும் ஒரே இயந்திரத்தில் இருந்து, நினைவகம் நிறையும் டெஸ்டில் மட்டும் தொங்கினால், இரண்டையும் வேறு வேறு விர்ச்சுவல் இயந்திரங்களாகப் பிரியுங்கள். கிளையன்ட் நினைவகத்தை விடுவிக்கச் சர்வருக்கு எழுத வேண்டும், சர்வருக்கோ எழுத நினைவகம் வேண்டும்; ஒரே இயந்திரத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் காத்து நின்றுவிடலாம்.

விலக்குப் பட்டியலில் சேர்க்கும்போது

இவ்வளவுக்குப் பிறகும் சில டெஸ்டுகள் மிஞ்சும். அவற்றை விலக்குக் கோப்பில் எழுதும்போது, டெஸ்ட் எண்ணுக்குப் பக்கத்தில் நெறிமுறைப் பதிப்பு, கர்னல் பதிப்பு, எந்த வாக்கு கிடைக்கவில்லை என்ற ஒரு வரி, மூன்றையும் போடுங்கள். 'என்எஃப்எஸ்ஸில் ஓடாது' என்று மட்டும் இருக்கும் வரியை அடுத்தவர் தொடவே பயப்படுவார். கர்னலையோ சர்வரையோ உயர்த்தும் ஒவ்வொரு முறையும் விலக்குப் பட்டியல் இல்லாமல் ஒரு முழு ஓட்டம் ஓட்டி, பாஸானவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.